காலித் பின் வலீத் (ரலி): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் காலித் என்று ஆசையோடு பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருக்குரிய நபித்தோழரைப் பற்றிக் கேட்டால், "தோல்வியே காணாத தளபதி" என்ற ஒரே வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்த வரி பொய்யன்று என்றாலும், அவர் உயரத்தில் இருந்ததையும் சறுக்கியதையும் இறக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதர் முழுமையாகத் தெரிகிறார். அடிக்கடி எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தொடக்ககால வரலாற்று அறிவிப்புகளில் உள்ளவற்றைக் கொண்டு இங்கே விடையளிக்கப்படுகிறது. அறிவிப்புகள் தமக்குள் வேறுபடும் இடங்களில் அந்த வேறுபாடு மறைக்கப்படவில்லை.

காலித் பின் வலீத் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்?

மக்காவின் குறைஷிக் குலத்தில் செல்வாக்கு மிகுந்த கிளைகளில் ஒன்றான பனூ மக்ஸூமைச் சேர்ந்தவர். போர்க்காலத்தில் பாசறை அமைப்பதும் குதிரைப்படையை நடத்துவதும் இந்தக் கிளையாரின் பொறுப்பாக இருந்தது. ஆகவே குதிரையும் வாளும் அவருக்குத் தேடிக் கற்ற கலையல்ல, வீட்டுத் தொழில். தந்தை வலீத் பின் முகீரா, மக்காவின் பெருஞ்செல்வர்களில் ஒருவர். நபி (ஸல்) அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர். குர்ஆனின் 'அல்முத்தஸ்ஸிர்' அத்தியாயத்தில் 11 முதல் 26 வரையுள்ள வசனங்கள் இந்த வலீதைக் குறித்தே இறங்கின என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். தாயார் லுபாபா, நபியவர்களின் மனைவி மைமூனா (ரலி) அவர்களின் சகோதரி. அந்த வழியில் மைமூனா காலிதுக்குச் சிறிய தாயார் முறை. எதிர்ப்பின் உச்சியில் நின்ற தந்தை ஒருபுறம், நபியின் இல்லத்தில் இருந்த சிறிய தாயார் மறுபுறம் என்று இரண்டு உறவுகளுக்கு நடுவே அவர் வாழ்வு அமைந்தது.

உஹதுப் போரில் முஸ்லிம்களுக்கு எதிராகப் போரிட்டவர் இவர்தானா?

ஆம். ஹிஜ்ரி 3இல் (625) நடந்த அந்தப் போரில் குறைஷிக் குதிரைப்படையின் வலப்பக்கம் அவரிடமும் இடப்பக்கம் இக்ரிமா பின் அபூஜஹ்லிடமும் இருந்தது. நபியவர்கள் அப்துல்லாஹ் பின் ஜுபைர் தலைமையில் 50 வில்லாளிகளை ஒரு சிறு குன்றின்மேல் நிறுத்தி, எது நடந்தாலும் இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்கள். குறைஷியர் முதலில் சிதறி ஓடியதும் வில்லாளிகளில் பெரும்பாலோர் போர்ப்பொருள்களைத் திரட்ட இறங்கிவிட்டனர். தம் படையே தோற்று ஓடும் வேளையிலும் காலிதின் கண் அந்தக் குன்றைவிட்டு அகலவில்லை. காவல் குறைந்ததைக் கண்டதும் குதிரைகளைச் சுற்றி ஓட்டிவந்து பின்புறமாகத் தாக்கினார். போரின் போக்கு தலைகீழானது. தோல்வியின் நடுவில் நின்றுகொண்டு எதிரியின் ஒரே ஒரு தவறுக்காகக் காத்திருக்கும் இந்தக் குணத்தைப் பிற்காலப் போர்கள் பலவற்றிலும் காணலாம்.

பிறகு ஏன் இஸ்லாத்துக்கு வந்தார்?

ஒரே நாளில் வந்த மாற்றமல்ல அது. ஹிஜ்ரி 6இல் (628) முஸ்லிம்கள் உம்ராவுக்காக மக்காவை நோக்கி வந்தபோது, அவர்களைத் தடுக்க 200 குதிரைவீரர்களுடன் முன்னே அனுப்பப்பட்டவர் காலித். முஸ்லிம்கள் தொழுகையில் நிற்கும்போது தாக்கலாம் என்று அவர் தரப்பினர் எண்ணியதாகவும், அடுத்த தொழுகைக்கு முன்பே, ஓர் அணி காவல் நிற்க மற்றோர் அணி தொழும் 'அச்சநேரத் தொழுகை' முறை அருளப்பட்டதாகவும் அறிவிப்புகள் கூறுகின்றன. இந்த மனிதருக்கு (நபியவர்களுக்கு) மேலிருந்து காவல் இருக்கிறது என்ற எண்ணம் அன்று தம் மனத்தில் விழுந்ததாகக் காலித் பின்னாளில் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர்.

மறுஆண்டு முஸ்லிம்கள் உம்ராவுக்கு வந்தபோது, அந்தக் காட்சியைக் காண விரும்பாமல் அவர் மக்காவைவிட்டு வெளியேறினார். முன்னரே இஸ்லாத்தை ஏற்றிருந்த அவருடைய சகோதரர் வலீத், ஊரெல்லாம் தேடியும் அண்ணன் கிடைக்காமல் ஒரு கடிதத்தை எழுதிவைத்துச் சென்றார். 'காலித் எங்கே?' என்று நபியவர்கள் விசாரித்ததையும், அவரைப் போன்றவர் இஸ்லாத்தை அறியாமல் இருக்க முடியாது என்று அவர்கள் சொன்னதையும் அந்தக் கடிதம் தாங்கியிருந்தது. தம்மை இருபுறமும் வளைத்துத் தாக்கியவனைப் பற்றி ஒரு தலைவர் அக்கறையோடு விசாரிக்கிறார் என்பதே காலிதை அசைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஹிஜ்ரி 8 ஸஃபர் மாதத்தில் (629) அவர் மதீனாவுக்குப் புறப்பட்டார். உடன் உஸ்மான் பின் தல்ஹா வந்தார், வழியில் அம்ர் பின் ஆஸ் சேர்ந்துகொண்டார். பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்தபோது காலித் கேட்டது பதவியை அல்ல. தம் பழைய செயல்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கும்படி நபியவர்களை வேண்டினார்.

'அல்லாஹ்வின் வாள்' என்ற பட்டம் எப்போது கிடைத்தது?

இஸ்லாத்தை ஏற்ற ஏறத்தாழ மூன்று மாதங்களில், ரோமப் படைக்கு எதிரான மூத்தா போரில். இன்றைய ஜோர்டானில் கரக் நகருக்கு அருகே உள்ளது அந்த இடம். 3000 பேர் கொண்ட முஸ்லிம் படைக்கு நபியவர்கள் மூன்று தளபதிகளை வரிசையாக நியமித்திருந்தார்கள்: ஸைத் பின் ஹாரிஸா, அவர் வீழ்ந்தால் ஜஅஃபர் பின் அபீதாலிப், அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா. இந்தப் பட்டியலில் காலித் இல்லை. புதிதாக வந்த ஒரு சாதாரணப் படைவீரராகவே அவர் சென்றார். மூவரும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதானார்கள். கீழே விழுந்த கொடியை எடுத்த ஸாபித் பின் அக்ரம், பத்ரில் பங்கேற்ற மூத்தவர். தலைமை தமக்கு வேண்டாமென்று மறுத்துவிட்டுக் கொடியைக் காலிதிடம் தந்தார்.

மதீனாவில் இருந்த நபியவர்கள், கண்களில் நீர் வழிய அந்த மூவரின் மரணத்தை அறிவித்துவிட்டு, பிறகு அல்லாஹ்வின் வாள்களில் ஒரு வாள் கொடியை எடுத்தது என்று சொன்னதாகப் புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. 'வாள்களில் ஒரு வாள்' என்ற அந்தப் பன்மையை நாம் கவனிக்காமல் போகிறோம். வேறு வாள்களும் உண்டு. வாளை எடுப்பதும் உறையிலிடுவதும் வாளின் விருப்பமல்ல. இந்தப் பட்டத்தின் முழுப்பொருளும், பின்னாளில் உமர் (ரலி) அவரைப் பதவிநீக்கம் செய்தபோதுதான் வெளிப்பட்டது.

அன்று தம் கையில் ஒன்பது வாள்கள் ஒடிந்ததாகவும், யமன் நாட்டு வாள் ஒன்று மட்டுமே எஞ்சியதாகவும் காலிதே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மூத்தாவில் பின்வாங்கினார்களே, அது தோல்வி இல்லையா?

அன்று மதீனாவிலேயே சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். திரும்பிவந்த படையினர்மீது மண்ணை வாரி இறைத்து, 'ஓடிவந்தவர்களே!' என்று ஏசினார்கள். நபியவர்களோ, இவர்கள் ஓடிவந்தவர்கள் அல்லர், இறைவன் நாடினால் மீண்டும் பாயப்போகிறவர்கள் என்று திருத்தினார்கள். அரபியில் 'ஃபுர்ரார்' என்ற சொல்லை 'குர்ரார்' என்று ஓரெழுத்து மாற்றிச் சொன்ன அழகு அது.

காலித் செய்தது இதுதான்: இரவோடு இரவாக அணிகளின் இடத்தை மாற்றினார். வலப்பக்கத்தவர் இடப்பக்கம் போனார்கள், முன்னணியினர் பின்னே சென்றார்கள். மறுநாள் காலையில் புதிய முகங்களையும் புதிய கொடிகளையும் கண்ட எதிரிகள், துணைப்படை வந்துவிட்டது என்று தயங்கினர். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திப் படையைச் சிதறாமல் மீட்டுக்கொண்டு வந்தார். மிகப் பெரிய படைக்கு எதிரே மூன்று தளபதிகளை இழந்து நின்ற படையை முழுமையாக வீடு சேர்த்தது, என் கணிப்பில், அவருடைய எந்த வெற்றிக்கும் குறைந்ததல்ல.

நபியவர்கள் எப்போதாவது அவரைக் கண்டித்தார்களா?

கண்டித்தார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. மக்கா வெற்றிக்குப் பிறகு (630) பனூ ஜதீமா கோத்திரத்தாரிடம் இஸ்லாத்தின் அழைப்போடு அவர் அனுப்பப்பட்டார். அவர்களுக்கு 'இஸ்லாத்தை ஏற்றோம்' என்று தெளிவாகச் சொல்லத் தெரியாமல், 'மதம் மாறிவிட்டோம்' என்ற பொருளில் 'ஸபஃனா' என்றார்கள். காலித் அதை ஏற்காமல் அவர்களைச் சிறைப்பிடித்துக் கொல்ல உத்தரவிட்டார். உடனிருந்த அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) தம்மிடமிருந்த கைதியைக் கொல்ல மறுத்துவிட்டார். செய்தி எட்டியதும் நபியவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, 'இறைவா, காலித் செய்ததிலிருந்து நான் விலகியவன்' என்று இரண்டு முறை சொன்னார்கள். பின்னர் அலீ (ரலி) அவர்களை அனுப்பி, கொல்லப்பட்டோருக்கான இழப்பீட்டைக் கொடுக்கச் செய்தார்கள். ஆயினும் காலிதைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கவில்லை. செயலிலிருந்து விலகுவது வேறு, செய்தவரைக் கைவிடுவது வேறு என்பதை அந்தச் சபை கண்டது.

மற்றொரு முறை, மூத்த தோழரான அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் அவர்களைக் காலித் கடிந்து பேசியபோது, தம் தோழர்களை ஏச வேண்டாம் என்றும், உஹது மலையளவு தங்கத்தைச் செலவிட்டாலும் அவர்கள் செலவிட்ட இருகையளவுக்கோ அதில் பாதிக்கோ ஈடாகாது என்றும் நபியவர்கள் சொன்னார்கள்.

மாலிக் பின் நுவைரா கொல்லப்பட்டது பற்றி ஏன் இத்தனை வாதங்கள்?

அறிவிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாததே காரணம். நபியவர்களின் மறைவுக்குப் பிறகு, முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) காலத்தில் ஸகாத்தை மறுத்த கோத்திரங்களுக்கு எதிரான போர்களில், தமீம் குலத்தின் ஒரு தலைவரான மாலிக் பிடிபட்டார். அவருடைய கூட்டத்தார் பாங்கு சொல்லித் தொழுததைக் கண்டதாக அபூகதாதா (ரலி) சாட்சி சொன்னார். வேறு சிலர் மறுத்தார்கள். குளிர்ந்த இரவில் 'கைதிகளுக்குக் கதகதப்புக் கொடுங்கள்' என்று காலித் சொன்ன சொல், சில கோத்திரத்தாரின் வழக்கில் 'கொல்லுங்கள்' என்று பொருள்பட்டதால் தவறு நேர்ந்தது என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. காலிதே மாலிக்குடன் வாதிட்டுக் கொல்லச் சொன்னார் என்கிறது இன்னொன்று. மாலிக்கின் மனைவியைக் காலித் மணந்தது கசப்பை இன்னும் கூட்டியது.

அபூகதாதா மதீனாவுக்கே சென்று முறையிட்டார். காலிதை நீக்க வேண்டும் என்று உமர் (ரலி) வற்புறுத்தினார். அபூபக்ர் (ரலி), காலித் தம் விளக்கத்தில் பிழைசெய்துவிட்டார் என்று கூறி, மாலிக்கின் இரத்தத்துக்கு இழப்பீடு வழங்கினார். இறைமறுப்பாளர்கள்மீது அல்லாஹ் உருவிய வாளை நான் உறையிலிட மாட்டேன் என்றும் சொன்னார். இழப்பீடு கொடுக்கப்பட்டதே ஒரு தவறு நிகழ்ந்ததற்கான ஒப்புதல். அதை ஒன்றுமில்லை என்று தள்ளுவதும், அந்த ஒன்றைக் கொண்டே மனிதர் முழுவதையும் தீர்ப்பிடுவதும் எனக்கு ஏற்புடையவை அல்ல.

குர்ஆன் தொகுக்கப்பட்டதற்கும் அவருடைய போருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தன்னை நபியென்று சொல்லிக்கொண்ட முஸைலிமாவுக்கு எதிராக யமாமாவில் காலித் நடத்திய போர், அதுவரை அரபு மண்ணில் நடந்தவற்றில் மிகக் கொடியது. முதலில் முஸ்லிம் அணிகள் சரிந்து, எதிரிகள் காலிதின் கூடாரம்வரை வந்துவிட்டனர். எல்லாரும் கலந்து நின்றதால் யார் பின்வாங்குகிறார்கள் என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு கோத்திரமும் தனித்தனியே நிற்கட்டும், எவர் வழியாக நம்மீது அடி விழுகிறது என்று பார்ப்போம் என்று அவர் அணிகளைப் பிரித்தார். தம் குலத்தின் பெயர் கெடக்கூடாது என்ற மானம் ஒவ்வொரு அணியையும் பிடித்து நிறுத்தியது. மதில் சூழ்ந்த ஒரு தோட்டத்துக்குள் முஸைலிமா கொல்லப்பட்டதோடு போர் முடிந்தது.

வெற்றியின் விலை பெரிது. குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் அங்கே ஷஹீதானார்கள்; உமர் (ரலி) அவர்களின் சகோதரர் ஸைத் பின் கத்தாபும் அவர்களில் ஒருவர். இப்படியே ஹாஃபிள்கள் மறைந்தால் குர்ஆனின் பகுதிகள் இழக்கப்படுமே என்று உமர் அஞ்சியதால்தான், அபூபக்ர் (ரலி) ஸைத் பின் ஸாபித்திடம் அதைத் திரட்டி எழுதும் பணியை ஒப்படைத்தார்.

இராக்கிலிருந்து ஷாமுக்குச் (சிரியப் பகுதிக்குச்) சென்ற பாலைவனப் பயணம் எப்படி நடந்தது?

633இல் பாரசீகர்களுக்கும் அவர்களுடைய அரபுக் கூட்டாளிகளுக்கும் எதிராக அடுத்தடுத்து வென்று, ஹீரா நகரை ஒப்பந்தத்தின் பேரில் காலித் பெற்றிருந்தார். 634இல், ரோமர்களை எதிர்கொண்டிருந்த ஷாம் படைகளுக்கு உதவச் செல்லுமாறு அபூபக்ரின் கட்டளை வந்தது. வழக்கமான வழிகளில் ரோமக் காவல் அரண்கள் இருந்தன. ஆகவே குராகிர் என்ற நீர்நிலையிலிருந்து ஸுவாவரை, ஐந்து நாள் நீரே இல்லாத பாலையைக் குறுக்கே கடக்க அவர் முடிவு செய்தார். இந்தப் பாதை எது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்துவேறுபாடு உண்டு. பயணத்தின் விவரம் மட்டும் நெஞ்சை விட்டு அகலாதது.

வழிகாட்டி, தய் குலத்து ராஃபிஉ பின் உமைரா. குதிரைகளோடும் சுமைகளோடும் அங்கே போக முடியாது, தனிப் பயணியே உயிருக்கு அஞ்சும் வழி அது என்று அவர் எச்சரித்தார். போய்த்தான் ஆகவேண்டும் என்றார் காலித். அப்படியானால் வயதேறிய கொழுத்த ஒட்டகங்கள் இருபது தாருங்கள் என்று கேட்டார் ராஃபிஉ. அவற்றை நன்றாகத் தாகத்தில் வாடவிட்டு, பிறகு வயிறு நிறைய நீர் காட்டி, அசைபோட முடியாதபடி வாயைக் கட்டினார்கள். ஒவ்வொரு தங்கலிலும் சில ஒட்டகங்களை அறுத்து, இரைப்பையில் தேங்கியிருந்த நீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார்கள். மனிதர்கள் தோற்பைகளில் சுமந்துவந்ததைக் குடித்தார்கள்.

ஐந்தாம் நாள் நீர் தீர்ந்தது. ராஃபிஉவுக்கோ கண்நோய் கண்டு பார்வை மங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு முட்செடி தெரிகிறதா என்று தேடச் சொன்னார். இல்லை என்றார்கள். அப்படியானால் நீங்களும் அழிந்தீர்கள், நானும் அழிந்தேன் என்று கலங்கிய அவர், மறுபடியும் தேடச் சொன்னார். செடி வெட்டப்பட்டு, அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருந்ததைக் கண்டார்கள். அந்த வேரடியைத் தோண்டியபோது நீர் சுரந்தது. தாம் சிறுவனாக இருந்தபோது தந்தையோடு ஒரே ஒரு முறைதான் இந்த நீருக்கு வந்ததாக ராஃபிஉ பிறகு சொன்னார். காலிதின் பெயரால் புகழப்படும் இந்தப் பயணத்தில், ஒரு சிறுவனின் நினைவில் தங்கிய செடிதான் படையைக் காத்தது.

யர்மூக் போரின் தலைமைத் தளபதி அவர்தானா?

பதவியளவில் அல்ல என்பதே பெரும்பாலோரின் முடிவு. ரோமர்களுடனான அஜ்னாதைன் போர் 634 ஜூலையில் நடந்தது. அடுத்த மாதம் அபூபக்ர் (ரலி) மறைந்தார். கலீஃபாவான உமர் (ரலி), ஷாமின் தலைமையை அபூ உபைதா பின் ஜர்ராஹ் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார். இந்த உம்மத்தின் (சமூகத்தின்) நம்பிக்கைக்குரியவரை உமர் உங்களுக்குத் தலைவராக்கியிருக்கிறார் என்று காலித் மக்களிடம் சொன்னதாகவும், காலித் அல்லாஹ்வின் வாள்களில் ஒருவர் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று அபூ உபைதா பதிலுக்குச் சொன்னதாகவும் அறிவிப்பு உண்டு.

636 ஆகஸ்டில் யர்மூக் ஆற்றங்கரையில், ஹெராக்ளியஸ் மன்னர் அனுப்பிய பெரும்படையோடு பல நாள் நடந்த போரில், தலைமை அபூ உபைதாவிடம் இருக்க, குதிரைப்படையும் போர்த்திட்டமும் காலிதின் கையில் இருந்தன. முகாமில் இருந்த பெண்கள் பின்வாங்கி வந்தவர்களைக் கூடாரக் கோல்களால் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசி நாளில் ரோமக் குதிரைப்படை காலாட்படையிடமிருந்து பிரிக்கப்பட்டு விரட்டப்பட்டது. எஞ்சியவர்களில் பலர் செங்குத்தான பள்ளங்களில் வீழ்ந்தனர். ரோமப் படை இரண்டு லட்சம் என்ற பழைய எண்ணிக்கையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. எண்ணிக்கை குறைந்தாலும், ஷாம் நிலையாகக் கைமாறியது அந்தப் போரில்தான்.

உமர் (ரலி) அவரை ஏன் நீக்கினார்? இருவருக்கும் பகையா?

நீக்கம் இரண்டு முறை நிகழ்ந்தது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் முறை 634இல், தலைமைப் பதவியிலிருந்து. அதன்பின்னும் அவர் அபூ உபைதாவின் கீழ் தளபதியாகவே தொடர்ந்தார். இரண்டாம் முறை 638 அளவில், முழுவதுமாக. ஷாமின் கின்னஸ்ரீன் நகரில் இருந்த காலித், கிந்தாக் குலத் தலைவர் அஷ்அஸ் பின் கைஸுக்கு 10,000 திர்ஹம் பரிசளித்த செய்தி மதீனாவுக்கு எட்டியது. அது போர்ப்பொருளிலிருந்து கொடுத்ததானால் மோசடி, சொந்தப் பணமானால் வீண்செலவு, எப்படியாயினும் நீக்குங்கள் என்று உமர் எழுதினார்.

விசாரணை ஹிம்ஸில் மக்கள் முன்னிலையில் நடந்தது. கட்டளைப்படி காலிதின் தொப்பி கழற்றப்பட்டு, அவருடைய தலைப்பாகையாலேயே அவர் கட்டப்பட்டார். அதைச் செய்தவர் பிலால் (ரலி). எந்தப் பணம் என்று கேட்கப்பட்டதற்கு, என் சொந்தப் பணம் என்றார் காலித். உடனே பிலால் கட்டை அவிழ்த்து, தொப்பியை அணிவித்து, தம் கையாலேயே தலைப்பாகையைக் கட்டிவிட்டு, நம் தலைவர்களுக்குக் கேட்டுக் கீழ்ப்படிவோம், நம் பெரியவர்களைக் கண்ணியப்படுத்துவோம் என்றார். ஒருகாலத்தில் மக்காவின் சுடுமணலில் கிடத்தப்பட்ட அடிமை, மக்காவின் பெருங்குடிச் செல்வரை விசாரிக்கிறார். படைகளை உடைத்த அந்தச் செல்வர் அசையாமல் நிற்கிறார். இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் யர்மூக்கைவிட இதுவே பெரிதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு படையே அவர் சொல்லுக்குக் காத்திருந்த நேரத்தில், அவர் ஒரு சொல் மாறுபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நீக்கத்துக்கான காரணத்தை உமர் எல்லா ஊர்களுக்கும் எழுதினார்: கோபத்தாலோ மோசடிக்காகவோ நீக்கவில்லை, மக்கள் அவரை நம்பிச் சோதனைக்குள்ளாகிறார்கள், செய்பவன் அல்லாஹ்வே என்று அவர்கள் அறிய வேண்டும். இருவரும் தாய்வழியில் உறவினர்கள். சிறுவயது மல்யுத்தத்தில் ஏற்பட்ட பகைதான் காரணம் என்று சொல்லப்படும் கதை சுவையானது. எழுதப்பட்ட இந்தக் காரணத்தின் எடை அதற்கு இல்லை.

போர்க்களத்துக்கு வெளியே அவரைப் பற்றி ஏதேனும் தெரியுமா?

ஒரு சிறு நிகழ்ச்சி புகாரி தொகுப்பில் உள்ளது. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நபியவர்களோடு அவர் உணவுக்கு அமர்ந்தார். பொரித்த உடும்பு பரிமாறப்பட்டது. அது உடும்பு என்று சொல்லப்பட்டதும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று கேட்டார் காலித். இல்லை, என் சமூகத்தாரின் மண்ணில் இது இல்லாததால் எனக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்திருக்கவே சாப்பிட்டார். கேட்கவேண்டியதைக் கேட்டுத் தெளிந்ததும் தயங்காத சுபாவம் சாப்பாட்டுத் தட்டிலும் தெரிகிறது.

அவருடைய தொப்பி பற்றியும் ஓர் அறிவிப்பு உண்டு. யர்மூக்கில் அது தொலைந்தபோது, கிடைக்கும்வரை தேடச் செய்தார். கிடைத்ததோ பழைய தொப்பி. நபியவர்கள் தலைமுடி களைந்தபோது பெற்ற முன்நெற்றி முடியை அதில் வைத்திருப்பதாக அவர் அப்போதுதான் சொன்னார்.

எங்கே, எப்படி இறந்தார்?

ஹிஜ்ரி 21இல் (642), சிரியாவின் ஹிம்ஸ் நகரில் என்பது பரவலான கருத்து. மதீனாவில் என்று சொல்வோரும் உண்டு. ஹிம்ஸில் அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசலில் அடக்கத்தலம் இருக்கிறது. இன்றைய கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானியப் பாணியில் எழுந்தது. 2013இல் உள்நாட்டுப் போரின் குண்டுவீச்சில் அது பெரிதும் சேதமடைந்தது.

இத்தனை போர்களைக் கண்டேன், வாள்வெட்டோ ஈட்டிக்குத்தோ அம்புத் தழும்போ இல்லாத ஒரு சாண் இடம் என் உடலில் இல்லை, ஆனாலும் ஒட்டகம் சாவதுபோல் படுக்கையில் சாகிறேனே, கோழைகளின் கண்கள் உறங்காதிருக்கட்டும் என்று இறுதி வேளையில் அவர் அழுததாக வரலாறு கூறுகிறது. மக்ஸூம் குலப் பெண்கள் அழுதபோது, தடுக்கச் சொன்னவர்களிடம், தலையில் மண்ணை வாரிப் போடாமலும் ஓலமிடாமலும் இருக்கும்வரை அவர்கள் அபூ ஸுலைமானுக்காக அழட்டும் என்று உமர் விட்டுவிட்டார். அபூ ஸுலைமான் என்பது மகனின் பெயரால் காலிதை அழைக்கும் பெயர்.

என்ன சொத்து விட்டுச்சென்றார்?

ஒரு குதிரை, ஒரு பணியாள், தம் ஆயுதங்கள். 10,000 திர்ஹமுக்காக அவரை நீக்கிய உமர் (ரலி) அதைக் கேட்டு, அல்லாஹ் அபூ ஸுலைமானுக்கு அருள்புரிவானாக, நாம் நினைத்ததுபோல் அவர் இருக்கவில்லை என்றார்.